பூட்டிய அறையில் நீர்த்த கஞ்சி

— சாவி என் சட்டைப் பையில. ஜன்னல் ரெண்டும் உள்பக்கம் கொக்கி. நேத்துக் காலைல எட்டு மணியிலேருந்து மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் என்னைத் தவிர அந்த அறைக்குள்ள ஒரு ஈ நுழையல. அப்புறம் எப்படி டீச்சர் கஞ்சி தண்ணியாப் போச்சு?

— அதைத்தான் அண்ணே நானும் யோசிச்சுட்டிருக்கேன்.

— யோசிங்க, நல்லா யோசிங்க. திருடனைத் தேடக் கூட்டம் கிளம்பினா, திருடன்தான் பந்தம் பிடிச்சுட்டு முன்னால ஓடுவானாம்.

— என்னைத் திருடின்னு சொல்றீங்களா?

— நான் எங்க சொன்னேன்? பழமொழி சொன்னேன். அது உங்களுக்குச் சுட்டா நான் என்ன பண்ண முடியும்?

— அண்ணே, எனக்கு டீச்சர்னு பேர் வச்சதே நீங்கதான். போகட்டும்னு விட்டுட்டேன். இந்தப் பேரை வச்சீங்கன்னா விட மாட்டேன்.

— எதைக் கேட்டாலும் அரிச்சுவடியிலேருந்து பாடம் எடுக்கறீங்க, அதான் டீச்சர். என்னைக் கூடத்தான் வாசல் காவல்காரர்லேருந்து எல்லாரும் 'நாக்கு'ன்றாங்க. பதினாறு வருஷமா ருசி பாக்கறவனை நாக்குன்னு சொல்லாம மூக்குன்னா சொல்வாங்க?

— அந்த மேசை மேல நாலா மடிச்சு வச்சிருக்கற கடிதம் யாருக்கு?

— அக்காவுக்கு. மூணு மணிக்கு வர்றாங்க.

— உங்களுக்கு அக்கா. எனக்கு முதலாளி. அதுல என் பேர் இருக்கா?

— இருக்கு. ஒளிச்சு மறைச்சுப் பேசற பழக்கம் எனக்கு இல்ல. சீனித்துளசி இலையோட கசப்பை எடுக்கறேன்னு இதுவரைக்கும் அஞ்சு தடவை செஞ்சு பார்த்தாச்சு. மூணு தடவை கெட்டுப் போச்சு. செய்முறை உங்களுது. அந்தப் பொடி உங்களுது. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்கறவங்க வந்து உக்காந்து ருசி பார்க்கப் போறாங்க. அதுக்குள்ள களையைப் பிடுங்கியாகணும்.

— களை நான்.

— பேச்சுக்குச் சொன்னேன்.

— பேச்சுக்குச் சொல்லலாம், காகிதத்துல எழுதினா அது என் பின்னாலயே வரும் அண்ணே. சரியா வேலை தெரியலன்னு அனுப்பினா இன்னொரு இடம் தேடிக்குவேன். வேணும்னே கெடுத்துட்டாங்கன்னு அனுப்பினா எந்த ஆய்வுக்கூடத்துலயும் எனக்குக் கதவு திறக்காது.

— தெரியும். தெரிஞ்சுதான் ராத்திரி பூரா யோசிச்சு எழுதினேன்.

— இப்ப மணி ரெண்டு. மூணு வரைக்கும் எனக்குக் கொடுங்க. நான் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க.

— நல்லாயிருக்கு நியாயம். மாட்டிக்கிட்டவங்க கேள்வி கேப்பாங்க, பிடிச்சவன் பதில் சொல்லணுமா?

— பதில்ல பொய் இல்லன்னா உங்களுக்கு என்ன நஷ்டம்?

— கேளுங்க. ஆனா எனக்கு மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. இலையை வேக வச்சா இனிப்புத் தண்ணி வருது. அதுல எதுக்கு மரவள்ளி மாவுக் கஞ்சி? எதுக்குப் பொடி? இலையோட நிறுத்தியிருந்தா இந்தத் தலைவலியே இல்ல. அன்னிக்கே எனக்கு மூக்குல வேர்த்துச்சு.

— இலைத்தண்ணி குடிச்சப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— மொதல்ல இனிப்பு. விழுங்கினதுக்கு அப்புறம் தொண்டையில ஒரு கசப்பு, அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டு விட மாட்டேங்குதுன்னு சொன்னேன்.

— அதேதான். இப்படி வச்சுக்குவோம். இலையில இருக்கற இனிப்பு ஒரு சின்னக் குச்சி. அதுல மூணு சர்க்கரை மணி ஒட்டியிருக்கு. மணி நாக்குல பட்டா இனிப்பு. ஆனா குச்சி பாதி மொட்டையா இருக்கறதால அது போய்க் கசப்போட வாசல்லயும் தட்டுது. இன்னும் ஒண்ணு ரெண்டு மணியை ஒட்டிவிட்டா மொட்டை மறைஞ்சிடும், கசப்பும் அடங்கிடும்.

— ஒட்ட வேண்டிய மணிக்கு எங்க போறது?

— அதுக்குத்தான் மாவு. மாவுன்னா என்ன? அதே சர்க்கரை மணியை ஆயிரக்கணக்குல கோத்த மாலை. கோத்து வச்சிருக்கறதால நாக்குக்கு இனிப்புத் தெரியாது. நீங்க சந்தேகப்படற பொடி இருக்கே, அது என்சைம். பள்ளிக்கூடத்துல நொதின்னு படிச்சிருப்பீங்க. அது மாலையை அறுக்கும். அறுத்த வேகத்துலயே அந்தத் துண்டைக் குச்சியில ஒட்டும். அறுக்கறதும் ஒட்டறதும் ஒரே மூச்சு. வேலை முடிஞ்சதும் நல்லாச் சூடு பண்ணினா என்சைம் செத்துப் போகும். அவ்வளவுதான்.

— மாலை நீளமா இருந்தாத்தான் அறுக்க முடியும்.

— பார்த்தீங்களா, நல்ல மாணவர். மணி ஏற்கெனவே உதிர்ந்து கிடந்தா அதைப் பொறுக்கி ஒட்ட அதுக்குத் தெரியாது. குச்சி மொட்டையாவே நிக்கும். கசப்பு அப்படியே இருக்கும்.

— கஞ்சி தண்ணியாப் போச்சுன்னா மாலை உதிர்ந்து போச்சுன்னு அர்த்தம்.

— ஆமா. நீள மாலைங்க ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கிட்டாத்தான் கஞ்சி கெட்டியா நிக்கும்.

— அப்ப யாரோ மாலையை அறுத்திருக்காங்க. அறுக்கத் தெரிஞ்ச பொடி இந்தக் கட்டடத்துல ஒருத்தர்கிட்டதான் இருக்கு. இதைத்தானே டீச்சர் நான் ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன்? நீங்க அதையே சுருக்கமாச் சொல்லிட்டீங்க.

— நேத்து என் பொடி டப்பாவோட முத்திரையை யாராவது உடைச்சிருந்தாங்களா?

— இல்ல. காலைலயும் பார்த்தேன், ரெண்டு மணிக்கும் பார்த்தேன். நான் ஒட்டின காகிதம் அப்படியே இருந்துச்சு.

— நீங்க காகிதம் வேற ஒட்டினீங்களா?

— ஒட்டுவேன். என் கையெழுத்துப் போட்டு ஒட்டுவேன். என் சுபாவம் அப்படி. எங்க அக்காவையே எடுத்துக்குங்க. சின்ன வயசுல எனக்கு ஊட்ட வேண்டிய கூழைப் பாதி தின்னுட்டுத் தண்ணி ஊத்தி மூடி வச்சவங்க. அம்மாகிட்ட எத்தனை அடி வாங்கியிருக்காங்க. இன்னிக்கும் கூழ் திருடின்னு கூப்பிட்டா அவங்களுக்கு மூக்கு சிவந்துடும். கூடப் பொறந்தவங்களே அப்படின்னா, ஊர் பேர் தெரியாதவங்களை எப்படி நம்பறது?

— அந்தக் கதை எனக்கு வேண்டாம் அண்ணே. டப்பா திறக்கல. என் பொடி உள்ள போகல. ஆனா கஞ்சி நீர்த்துப் போச்சு. அப்ப அறுத்தது வேற ஏதோ.

— வேற ஏதோ இல்ல, வேற யாரோ.

— முதல் தடவை நல்லா வந்துச்சே, அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?

— இலை வாங்கத் தோட்டத்துக்குப் போயிருந்தேன்.

— ரெண்டாம் தடவை?

— இங்கதான். கசப்பு.

— மூணாம் தடவை நல்லா வந்துச்சு. அன்னிக்கும் நீங்க இங்கதான் இருந்தீங்க.

— இருந்தேன். ஆனா அன்னிக்குக் காலைலதான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிட்டு வந்தேன். வாய் பூரா பஞ்சு. சாயங்காலம் வரைக்கும் மூலையில நாற்காலி போட்டு உக்காந்திருந்தேன். பாவம்னு விட்டுட்டாங்க.

— யாரு?

— கெடுக்கறவங்க. பல் வலிக்காரன் மேல ஒரு இரக்கம் வந்திருக்கும்.

— நாலாம் தடவை நீங்க நல்லா இருந்தீங்க. கசப்பு. அஞ்சாவது நேத்து. காவல் காத்தீங்க. மத்தியானத்துக்குள்ளயே கஞ்சி தண்ணி.

— இப்பப் புரியுதா? நான் இல்லன்னா நல்லா வருது. நான் வாயைத் திறக்க முடியாமக் கிடந்தா நல்லா வருது. நான் பொறுப்பெடுத்துப் பார்க்கற அன்னிக்கு மட்டும் கெட்டுப் போகுது. இதுக்கு என்ன அர்த்தம்? என் நாக்கு லாயக்கில்லன்னு அக்காகிட்ட நிரூபிக்கணும். ருசி பாக்க மெஷின் வாங்கணும். கிழவனை வீட்டுக்கு அனுப்பணும்.

— உங்களுக்கு வயசு நாப்பத்தி நாலு.

— பேச்சை மாத்தாதீங்க.

— மாத்தல. நான் காய்ச்சிக் கொடுத்ததும் ஒரு பாட்டில்ல கொஞ்சம் எடுத்து மூடி வைப்பேன். ஒவ்வொரு தடவையும். நேத்து வச்ச பாட்டில் இது. சாய்ச்சுப் பாருங்க.

— நகரவே மாட்டேங்குது. கோந்து மாதிரி இருக்கு.

— இது நேத்து இலைத்தண்ணியும் பொடியும் சேர்க்கறதுக்கு முன்னாடி அந்த அறையில வெதுவெதுன்னு வச்சிருந்த ரெண்டு லிட்டர் பாத்திரம். ஒரே அடுப்பு, ஒரே மாவு, ஒரே தண்ணி.

— இது கழுவின தண்ணி மாதிரி ஆடுது.

— முதலுதவிப் பெட்டியிலேருந்து அயோடின் எடுத்துட்டு வந்திருக்கேன். நீள மாலை இருந்தா அயோடின் அதுக்குள்ள போய்ப் புகுந்துக்கிட்டுக் கருநீலமாத் தெரியும். மாலை உதிர்ந்திருந்தா நீலம் வராது. பாட்டில்ல ஒரு சொட்டு விடறேன்.

— கருநீலம்.

— பாத்திரத்துல ஒரு சொட்டு.

— மஞ்சளாவே இருக்கு.

— அப்ப கெட்டது மாவுல இல்ல, தண்ணியில இல்ல, என் அடுப்புல இல்ல. அந்த அறைக்குள்ள. எட்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் நடுவுல.

— நீங்க பாட்டிலை மாத்தியிருக்கலாம்.

— மாத்தியிருக்கலாம். அதுக்கும் கையெழுத்துப் போட்டு ஒட்டச் சொல்லுவேன், அடுத்த தடவைன்னு ஒண்ணு எனக்கு இருந்தா. அந்த அறைக்குள்ள ஆறு மணி நேரம் என்ன பண்ணீங்க அண்ணே?

— காவல் இருந்தேன். ருசி பார்த்தேன். எழுதி வச்சேன். இந்தாங்க நோட்டு. பதினாறு வருஷத்துல ஒரு வேளை தவறினதில்ல.

— நான் படிக்கலாமா? எப்பவும் கதவைச் சாத்திக்கிட்டுத்தான் ருசி பாப்பீங்க, நான் ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல.

— பக்கத்துல ஆள் இருந்தா வாசனை கலையும். படிங்க.

— 'எட்டே முக்கால். பச்சை மாவு வாசனை போய்விட்டது. கட்டி இல்லை.' 'ஒன்பது. அடி பிடித்த நெடி இல்லை.' 'ஒன்பது பத்து. புளிப்பு இல்லை.' 'ஒன்பது இருபது. மாற்றம் இல்லை.' பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையா பார்த்தீங்க?

— முந்தி அஞ்சாறு தடவைதான் பார்ப்பேன். நாலாவது தடவை சந்தேகம் வந்ததும் பத்து, பன்னெண்டு. நேத்து விடக் கூடாதுன்னு முடிவு பண்ணி முப்பது தடவை பார்த்திருப்பேன். எப்பக் கை வைக்கறாங்கன்னு கண்டுபிடிக்க வேண்டாமா?

— முப்பது தடவை. அதுக்கு முப்பது கரண்டி வேணுமே. அலமாரியில கழுவி வச்ச கரண்டி ஒண்ணு கூட எடுக்கலையே நீங்க?

— அதையெல்லாம் நான் தொடவே மாட்டேன். எவன் வாய்ல வச்சானோ, எவ கழுவினாளோ. அதுல எதையாவது தடவி வச்சா யாருக்குத் தெரியும்? ஊரான் எச்சில் எனக்கு ஆகாது. என் கரண்டி என் பையிலேயே இருக்கும். இதோ. என் கைக்குட்டையில நானே துடைச்சுக்குவேன்.

— முப்பது தடவையும் இதே கரண்டியா?

— இதேதான். இதை விட நம்பிக்கையான ஆள் இந்தக் கட்டடத்துல இல்ல.

— கைக்குட்டையில ஒவ்வொரு தடவையும் துடைச்சீங்களா?

— கடைசியில துடைப்பேன். நடுவுல துடைச்சா கைக்குட்டை வாசனை ஏறிடும்.

— அண்ணே, பதினொண்ணு ஐம்பதுக்கு இங்க ஒண்ணு எழுதி அடிக்கோடு போட்டிருக்கீங்க. 'லேசாக இனிக்கிறது.'

— ஆமா. அதுதான் கையும் களவுமாப் பிடிச்ச இடம். வெறும் மாவுக் கஞ்சி எப்படி இனிக்கும்? யாரோ சர்க்கரைத் தண்ணி கலந்திருக்காங்க. கடிதத்துல அதையும் எழுதியிருக்கேன்.

— பூட்டின அறையில.

— அது எப்படின்னுதான் தெரியல.

— எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நினைக்கிறேன். ஆனா நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. உங்க அக்கா வரட்டும்.

— இதோ வந்துட்டாங்க. கார் சத்தம் கேக்குது. அக்கா, உள்ள வா. கடிதம் மேசை மேல இருக்கு, மொதல்ல படி.

— படிக்கறேன்டா தம்பி, உக்காரவாவது விடு. என்னம்மா உன் முகம் இப்படி இருக்கு? ரெண்டு பேரும் சண்டை போட்டீங்களா?

— இல்ல மேடம். கடிதத்தைப் படிக்கறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கொடுங்க. ஒரு சோதனை இருக்கு. நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே செய்யணும்.

— நான் எந்தக் காலத்துல இதெல்லாம் செஞ்சேன்? சரி, சொல்லு. சுருக்கமா.

— இந்தப் பாட்டில்ல இருக்கற கெட்டிக் கஞ்சியை ரெண்டு கிண்ணத்துல ஒவ்வொரு கரண்டி போடுங்க. கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைங்க. கை பொறுக்கற சூடு போதும்.

— அக்கா, கரைச்சதும் இந்த அயோடின் மருந்துல ஒரு சொட்டு விட்டுப் பாரு. ரெண்டுமே நீலம் வருதான்னு பார்த்துக்கோ. அப்புறம் ஏமாந்துடக் கூடாது.

— விட்டுட்டேன். ரெண்டும் மை மாதிரி இருக்கு. நல்ல நீலம்தான். அடுத்தது?

— ஐயோ மேடம், அந்த ரெண்டையும் ஓரமா வச்சுடுங்க, மருந்து விட்டதுல சோதனை சரியா வராது. இன்னும் ரெண்டு கிண்ணம் அதே மாதிரி. இப்ப மருந்து கடைசியில. அண்ணே, அந்தக் கரண்டியைத் தண்ணியில நல்லாக் கழுவுங்க. கழுவியாச்சா? அதாலயே முதல் கிண்ணத்தை நாலு தடவை கலக்குங்க. வாயில வைக்க வேண்டாம்.

— கலக்கிட்டேன்.

— இப்ப ரெண்டாவது கிண்ணம். அதே கரண்டி. நேத்து எப்படி ருசி பார்த்தீங்களோ, அதே மாதிரி. எடுங்க, வாயில வைங்க, திரும்ப உள்ள விட்டுக் கலக்குங்க. நாலு தடவை.

— இதுல என்ன இருக்கு? என் கரண்டி, என் வாய்.

— என்னவோ செய்யச் சொல்றா, செய்யேன்டா.

— செஞ்சாச்சு அக்கா. நாலு தடவை.

— ரெண்டு கிண்ணத்தையும் அந்த வெதுவெதுப்பான தண்ணித் தட்டுல வைங்க மேடம். பத்து நிமிஷம். யாரும் கை வைக்க வேண்டாம்.

— நான் கண்ணை எடுக்க மாட்டேன். அக்கா, நீயும் டீச்சர் கையையே பாரு.

— அவ கையைக் கட்டிக்கிட்டு நிக்கறாடா. உனக்கு அப்பாவோட புத்தி அப்படியே வந்திருக்கு. அவருக்கும் கடிகாரம் நின்னா கூட யாரோ நிறுத்தினதாத்தான் தோணும்.

— சந்தேகப்படறவன் பிழைச்சுக்குவான். நம்பறவன் நடுத்தெருவுல நிப்பான்.

— மேடம், ஒண்ணு கேக்கலாமா? அண்ணன் குழந்தையா இருந்தப்ப நீங்கதான் கூழ் ஊட்டுவீங்களா?

— அதையும் சொல்லிட்டானா இவன்? கூழ் திருடின்னு சொல்லியிருப்பான். என் கல்யாணத்துல கூட மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாடி சொல்லிச் சிரிச்சவன்.

— நடந்தது என்னன்னு சொல்லுங்க.

— என்ன பெரிய கதை. அம்மா வேலைக்குப் போயிடுவாங்க. எனக்கு ஒன்பது வயசு. இவனுக்கு ஒண்ணரை. காலைல அம்மா கெட்டியாக் கூழ் கிண்டி வச்சுட்டுப் போவாங்க. நான் சட்டியிலேருந்தே ஊட்டுவேன். பாதி தின்பான், பாதியில வாயை மூடிக்குவான். மிச்சத்தை மூடி வைப்பேன். சாயங்காலம் அம்மா வந்து மூடியைத் திறந்தா உள்ள தண்ணி. நீ தின்னுட்டுத் தண்ணி ஊத்தி அளவை நிரப்பியிருக்கேன்னு அடி விழும். நான் தொடலம்மான்னு சொன்னா, பொய் வேற சொல்றியான்னு இன்னொரு அடி.

— நீங்க ஊட்டாத நாள்ல?

— இவனுக்குக் காய்ச்சல் வந்து சாப்பிடாத நாள்ல கூழ் அப்படியே கெட்டியா இருக்கும். அதுக்கும் அம்மா சொல்வாங்க, பார்த்தியா, இன்னிக்குப் பயந்து திருடலன்னு.

— பல் பிடுங்கின நாள் மாதிரி.

— என்ன டீச்சர் முணுமுணுக்கறீங்க?

— பத்து நிமிஷம் ஆச்சு அண்ணே. மேடம், முதல் கிண்ணத்துல ஒரு சொட்டு.

— நீலம். மொதல்ல வந்த மாதிரியே மை.

— இப்ப ரெண்டாவது.

— இதுல... ஒண்ணும் வரலையேம்மா. மஞ்சளா இருக்கு. இன்னொரு சொட்டு விடவா?

— விடு அக்கா. விடு. நல்லா விடு.

— விட்டுட்டேன்டா. மஞ்சளாத்தான் இருக்கு. சாய்ச்சா தண்ணி மாதிரி ஓடுது.

— ஒரே பாட்டில் கஞ்சி. ஒரே கரண்டி. ஒரே சூடு. நான் கையைக் கட்டிட்டு நின்னேன். ரெண்டு கிண்ணத்துக்கும் வித்தியாசம் ஒண்ணே ஒண்ணுதான் அண்ணே.

— என் வாய்.

— உங்க வாய் மட்டும் இல்ல, என் வாயும் இதையேதான் செய்யும். எல்லார் எச்சில்லயும் ஒரு என்சைம் இருக்கு. என் பொடிக்கு ஒன்றுவிட்ட தம்பின்னு வச்சுக்குவோம். என்னோடது அறுத்து ஒட்டும். இது அறுக்க மட்டும் அறுக்கும், ஒட்டத் தெரியாது. வெறும் சோத்தை ரொம்ப நேரம் மென்னா இனிக்குதில்ல, அது இதோட வேலை. கொஞ்சம் எச்சில் போதும். வெதுவெதுன்னு இருக்கற கஞ்சியில விட்டுட்டா அது பாட்டுக்கு மணிக்கணக்கா அறுத்துக்கிட்டே இருக்கும். நேத்து முப்பது தடவை உள்ள போச்சு. மாலை பூரா உதிர்ந்து, பதினொண்ணு ஐம்பதுக்கு உங்க நாக்குக்கே இனிச்சிருக்கு.

— அப்ப அது சர்க்கரைத் தண்ணி இல்ல.

— இல்ல. ஆனா சர்க்கரை உண்மை. ரெண்டு லிட்டர் கஞ்சியில அந்த லேசான இனிப்பைக் கண்டுபிடிச்ச நாக்கு சாதாரண நாக்கு இல்ல அண்ணே. எந்த மெஷின் வாங்கினாலும் உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது.

— நாக்கு சரியாத்தான் சொல்லியிருக்கு. கேட்டவன்தான் தப்பாக் கேட்டிருக்கான். இல்லையாடா?

— நான் காவல் காக்கக் காக்கக் கெட்டிருக்கு அக்கா. திருடனைப் பிடிக்கறேன்னு நான்தான்...

— ஊரான் எச்சில் ஆகாதுன்னு சொன்னீங்க. அவங்கவங்க எச்சில் அவங்கவங்களுக்கு எச்சிலாத் தெரியறதில்ல. நீங்க கதவைச் சாத்திக்காம இருந்திருந்தா நான் மொதல் நாளே பார்த்திருப்பேன். நானும் கேக்காம விட்டேன், அது என் தப்பு.

— ஏம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு அவங்க வர்றாங்களே. இனிமே முடியுமா?

— இப்பவே கஞ்சி வச்சா அஞ்சு மணிக்குள்ள இலைத்தண்ணியும் பொடியும் சேர்த்துடலாம் மேடம். ராத்திரி பூரா வெந்நீர்த் தொட்டியில அது பாட்டுக்கு இருக்கட்டும். காலைல ஏழு மணிக்குச் சூடேத்தி நிறுத்தினாப் போதும். ஆனா நான் இங்க இருக்கேனா இல்லையான்னு அந்தக் கடிதத்துல இருக்கு. நீங்க இன்னும் படிக்கல.

— கொடு, படிக்கறேன். ... 'இவர் வேண்டுமென்றே' ... 'உடனடியாக' ... ரெண்டு பக்கம் எழுதியிருக்கியேடா.

— கொடு அக்கா, கிழிச்சுடறேன்.

— கிழிக்காத. நாப்பத்திரண்டு வருஷமா என்னைக் கூழ் திருடின்னு சொன்னியே, அதையும் இப்படிக் கிழிச்சுப் போட்டுட முடியுமா? அம்மா அதை நம்பிக்கிட்டேதான் கண்ணை மூடினாங்க. இந்த ரெண்டு கிண்ணத்தையும் அவங்ககிட்ட எங்க கொண்டுபோய்க் காட்டறது?

— அக்கா.

— சட்டியிலேருந்து ஊட்டினேன். உன் வாய்க்குப் போன கரண்டி சட்டிக்குள்ள போச்சு. நீ தின்னது, நீயே தண்ணியாக்கினது. அடி வாங்கினது நான்.

— எனக்கு அப்ப ஒண்ணரை வயசு.

— அப்ப ஒண்ணரை. இப்ப?

— டீச்சர். இல்ல, தங்கச்சி. பழமொழி ஒண்ணும் வாய்ல வரல.

— வராததே போதும் அண்ணே. நான் போய் அடுப்பைப் பத்த வைக்கறேன். ருசி பாக்க நீங்க வரணும். கதவு திறந்திருக்கட்டும்.

— நில்லும்மா, ஒரு நிமிஷம். டேய், அந்தக் கடிதத்தைத் திருப்பு. பின்பக்கம் காலியா இருக்கில்ல? பெரிய எழுத்தா எழுது. எழுதி அந்த அறைக் கதவுல ஒட்டு. நீதான் எதுக்கும் காகிதம் ஒட்டறவனாச்சே.

— என்னன்னு எழுத?

— பதினாறு வருஷம் ருசி பார்த்தவன் நீ. உனக்கே தெரியும்.

— எழுதிட்டேன். 'வாயில் வைத்த கரண்டி மறுபடி பாத்திரத்துக்குள் போகக் கூடாது. எடுக்க ஒன்று, ருசிக்க ஒன்று, ஒவ்வொரு தடவையும் கழுவியது.' கீழ என் கையெழுத்தும் போட்டுட்டேன்.